தொண்டை மண்டலத்தில் பாரதம்: இளைஞர் கேட்டதும் சொன்னதும்

பாரதக் கதையை ஊர் கூடிக் கேட்கும் வழக்கம் தொண்டை மண்டலத்தில் 1,300 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, செங்கல்பட்டு, திருவள்ளூர் என விரியும் இந்த நிலத்தின் கிழக்கு ஓரத்தில்தான் தாம்பரமும் பெருங்களத்தூரும் பீர்க்கன்கரணையும் வண்டலூரும் இருக்கின்றன. இன்று இவை சென்னையின் தெற்குப் புறநகர். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை இவை ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவித்த ஊர்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பொது இடத்தில் பந்தல் போட்டு, பகலில் பிரசங்கியார் சொல்லக் கேட்பதும் இரவில் அதையே கூத்தாக ஆடக் காண்பதும் இந்த வட்டாரத்தின் கதைசொல்லும் முறை. எழுத்தறியாத பெரியவர்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் நீண்டதொரு காப்பியத்தை முழுதாக அறிந்து வைத்திருந்தார்கள் என்றால் அதற்கு இந்த ஏற்பாடே காரணம். அதிலும் குறிப்பிடத் தக்கது, மீசை அரும்பும் வயதுப் பையன்களைக் கேட்பவர்களாக மட்டும் உட்கார வைக்காமல் கதையின் ஒரு பகுதியை அவர்கள் கையிலேயே அது கொடுத்தது.

பாரதம் கேட்கும் வழக்கத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்ற ஊரின் செப்பேடு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் கூரத்தில் சிவன் கோயில் ஒன்றை எடுப்பித்து, அதற்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். அந்த ஊர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பூசைக்கும் கோயிலைப் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு, மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு 1 பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு 1 பங்கு, எஞ்சிய 20 பங்கு வேதம் வல்ல அந்தணர்களுக்கு. தண்ணீர் வைப்பவருக்கும் கதை வாசிப்பவருக்கும் ஒரே அளவு பங்கு என்பது கவனிக்க வேண்டிய செய்தி. வந்து தங்குபவருக்குத் தாகம் தீர்ப்பதைப் போலவே கதை கேட்கச் செய்வதும் மண்டபத்தின் அன்றாடக் கடமையாக இருந்திருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் நந்திவர்மப் பல்லவமல்லன் அளித்த தண்டந்தோட்டம் செப்பேட்டிலும் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு உண்டு. மகாபாரதம் தமிழ்ப்படுத்தப்பட்ட செய்தியைப் பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடு சொல்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார்.

மண்டபத்தில் வாசிக்கப்பட்ட பாரதம் தெருவுக்கும் வயலுக்கும் வந்தது பின்னால். அதற்கு வழிவிட்ட நூல் வில்லிபுத்தூராரின் பாரதம். சுமார் 4,300 விருத்தங்களில், பத்துப் பருவங்களில், போர் முடிவோடு அது நின்றுவிடுகிறது. வாய்விட்டுப் பாடும்போது தாளம் தானே எழும் சந்தம் அதற்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதை விரித்துப் பாடினார். திரௌபதி அம்மன் கோயில்களில் பிரசங்கியார் கையில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் வில்லிபாரதமே. ஒரு பாடலை இராகத்தோடு பாடுவார். பிறகு பதம் பிரிப்பார். பிறகு ஊர்ப் பேச்சில் கதையாக இறக்குவார். அந்தப் பேச்சில் அன்றைய ஊர் வழக்கும், பங்காளிச் சண்டையும், வரப்புத் தகராறும் கலந்து வரும். சூதாட்டப் பகுதியைச் சொல்லும்போது பந்தலோரம் நிற்கும் பையன்களைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லாமல் எந்தப் பிரசங்கியாரும் விட்டதில்லை.

திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தலமாகச் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலைச்சேரி கருதப்படுகிறது. அங்கிருந்து இந்த வழிபாடு வடக்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளிலும் தெற்கே தஞ்சை வரையிலும் பரவியது. வன்னியர்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் இந்தக் கோயில்கள் அதிகம். வேறு பல சாதியாரும் கோயில் காரியங்களில் தத்தமக்கு உரிய பொறுப்போடு பங்கேற்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். வியாசரிடமும் வில்லியிடமும் இல்லாத கதைகள் இங்கே எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதை உலகறியச் செய்தவை அவை. அம்மனுக்குக் காவல் நிற்கும் போத்துராஜா, இன்னொரு காவலரான முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர், துரியோதனன் மனைவி பெருந்திருவாள் எல்லாரும் வாய்மொழி வளர்த்த மாந்தர்கள். அல்லி அரசாணியும் பவளக்கொடியும் அப்படியே. வடமொழிக் காப்பியத்தில் இடமில்லாத இந்தப் பெண்களுக்குத் தமிழ் நாட்டார் மரபு முழுநீளக் கதையே கொடுத்திருக்கிறது.

விழா கொடியேற்றத்தோடும் காப்புக் கட்டுவதோடும் தொடங்கும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பிற்பகலில் பிரசங்கம். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து, விடியும்வரை நடக்கும். பிரசங்கியார் பகலில் எந்த இடத்துக்கு வந்து நின்றாரோ அதை ஒட்டியே இரவுக் கூத்தும் அமையும் என்பதால், இரண்டையும் தொடர்ந்து கேட்ட பையனுக்கு ஒரே கதை இரண்டு முறை, இரண்டு குரலில் கிடைத்தது: பகலில் பொருளாக, இரவில் ஆட்டமாக. வகுப்பறைப் பாடத்தில் கிடைக்காத ஆழம் இதில் உண்டு. திரௌபதி திருமணம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை போகும்.

சில நாட்களில் கதை பந்தலை விட்டு ஊருக்குள் நடந்து வரும். பகாசூரன் கதை அன்று பீமன் வேடக்காரர் சோற்று வண்டியோடு தெருத்தெருவாகப் போவார். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் வண்டியில் ஏறும். விராட பருவத்து மாடுபிடிச் சண்டைக்குச் சில ஊர்களில் உண்மையான மாடுகளையே ஓட்டி வருவார்கள். அர்ச்சுனன் தபசு அன்று உயரமான பனைமரக் கம்பம் நடப்படும். வேடக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். திறந்த வெளியில் துரியோதனன் படுத்திருப்பதுபோல் மண்ணால் மாபெரும் உருவம் செய்யப்படும். பீமன் அதன் தொடையில் அடிப்பதும், திரௌபதி கூந்தல் முடிப்பதும் அங்கேதான். மாலையில் தீமிதி. இவற்றில் வண்டி இழுப்பது, மாடு ஓட்டுவது, கம்பம் நடுவது, மண் சுமந்து உருவம் எழுப்புவது, தீக்குழிக்கு விறகு அடுக்குவது எல்லாம் ஊர் இளைஞர்களின் வேலை. கதையின் எந்தக் கட்டத்துக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று தெரியாமல் இந்த வேலைகளைச் செய்ய முடியாது. உழைப்பின் வழியாகவே கதை அவர்களுக்குள் இறங்கியது.

கூத்து ஆடுபவர்கள் இரண்டு வகை. பரம்பரையாகத் தொழில் செய்யும் ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்கள் ஒரு வகை. செய்யாறு வட்டத்துப் புரிசையைச் சேர்ந்த தம்பிரான் குடும்பம் இவற்றுள் பெயர் பெற்றது. இன்னொரு வகை ஊர் இளைஞர்களே கற்றுக்கொண்டு ஆடுவது. இந்த இரண்டாவது வகைக்கு நாடக வரலாறுகளில் இடம் குறைவாகவே கிடைத்திருக்கிறது. இளைஞர்களின் கதைசொல்லலுக்கோ அதுவே நாற்றங்கால். ஊரில் ஆசைப்பட்ட பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, வெளியூரிலிருந்து ஒரு வாத்தியாரை அழைத்து வருவார்கள். அவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஊர்ப் பொறுப்பு. முடிவில் வெற்றிலை பாக்கோடு தட்சிணை. பகல் வேலை முடிந்து வந்த பையன்களுக்கு இரவில் ஒத்திகை. யாருக்கு என்ன வேடம் என்பதை வாத்தியார் குரலையும் உடலையும் நினைவாற்றலையும் பார்த்து முடிவு செய்வார். மாதக்கணக்கில் ஒத்திகை நடந்து, ஒரு நாள் ஊர் முன்னிலையில் அரங்கேற்றம். உறவினர்கள் வேடக்காரருக்கு மாலையும் துண்டும் போட்டு, பணம் குத்தி மகிழ்வார்கள்.

பாடம் வாய்வழியே நடந்தது. வாத்தியாரிடம் கையெழுத்துக் கட்டு ஒன்று இருக்கலாம், பையன்களிடம் இராது. வாத்தியார் ஒரு வரி பாட, பையன் திருப்பிப் பாட, விருத்தமும் தருவும் மனதில் ஏறும். வசனத்தை மட்டும் அப்படிக் கட்டிப்போடுவதில்லை. கதை நிலையைச் சொல்லிவிட்டு, அந்த நிலையில் கர்ணன் என்ன பேசுவான், குந்தி என்ன கேட்பாள் என்று பையனையே பேச விடுவார்கள். பாட்டில் கட்டுப்பாடு, பேச்சில் சுதந்திரம் என்ற இந்த ஏற்பாடு மிக நுட்பமானது. வளரும் பையனுக்கு மரபையும் சொந்தக் குரலையும் ஒரே சமயத்தில் பழக்க இதைவிடச் சிறந்த முறையைக் காண்பது அரிது.

இந்தச் சுதந்திரம் உச்சத்துக்குப் போகும் வேடம் கட்டியக்காரன். கூத்தைத் தொடங்கி வைப்பவனும் அவன். அரசன் வந்தால் கேள்வி கேட்பவனும் அவன். தூங்குபவரை எழுப்புபவனும் அவன். களரி கட்டி, மத்தளமும் தாளமும் முகவீணையும் முழங்கியதும், இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் திரை விருத்தம் பாடுவார். திரை விலகியதும், வந்திருப்பவர் யார், எந்த நாட்டு அரசர், எதற்காக வந்தார் என்று கட்டியக்காரன் விசாரிப்பான். புராணத்துக்கும் ஊருக்கும் இடையில் நின்று பேசுவதால் அவன் வாயில் எந்தக் காலமும் வரலாம்: ரேஷன் கடையும் வரும், ரயிலும் வரும், ஊர்த் தலைவரின் பெயரும் வரும்.

சிறுவர்களுக்குப் பெண் வேடமும் சின்ன வேடங்களும் முதலில் கிடைக்கும். குரல் உடைந்து உடல் முறுக்கேறியதும் கட்டை வேடங்கள். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடமும் தோள் அணியும் மார்புப் பதக்கமும் பூண்ட துரியோதனனும் கர்ணனும் அர்ச்சுனனும் கட்டை வேடங்கள். இவற்றை அணிந்து சுழன்று ஆடி உச்சக் குரலில் பாட, நெஞ்சுரம் வேண்டும். துச்சாதனன் வேடம் போட்டவர் துகிலுரியும் கட்டத்துக்குமுன் அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பது வழக்கம். செய்வது வேடம் என்றாலும் செய்கிற கொடுமை கொடுமைதான் என்பதைப் பதினெட்டு வயதுப் பையனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

விழாவும் கூத்தும் இல்லாத நாட்களில் கதையைக் காத்தவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை அச்சகங்கள் அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை போன்றவற்றைப் புகழேந்திப் புலவர் பெயரில் மலிவு விலையில் வெளியிட்டன. கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் இவ்வகைப் பதிப்பாளர்களில் பரவலாக அறியப்பட்ட நிறுவனம். சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற இந்தப் புத்தகங்களின் தடித்த எழுத்து, விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு ஏற்றது. திண்ணையில் எழுத்தறிந்த ஒரு பையன் இராகம் இழுத்துப் படிக்க, சுற்றிலும் உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். தப்பாகப் படித்தால் எழுத்தறியாத கிழவியே திருத்துவாள். அச்சு வந்ததும் வாய்மொழி ஒழிந்துவிடவில்லை. படிக்கத் தெரிந்த பையனுக்கு ஊரில் ஒரு புதிய இடம் கிடைத்தது.

இதே காலத்தில் நகரங்களில் சிறுவர் நாடகக் குழுக்கள் எழுந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி.கே. சண்முகம் சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட இவை பையன்களை வீட்டிலிருந்து பிரித்து ஊர் ஊராகக் கொண்டுபோயின. ஊர் இளைஞர்களின் ஒத்திகைக் கூத்தோ பையனை அவன் ஊரிலும் வேலையிலும் வைத்துக்கொண்டே கற்பித்தது. சிறுவனின் வாழ்க்கையைப் பொறுத்தவரை இது பெரிய வேறுபாடு.

இந்த மரபின் குறைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்கள் கூத்து ஆடவில்லை. துகிலுரிதலின் துயரத்தையும் ஆணே பாடினான். பெண் பிள்ளைகள் பந்தலில் உட்கார்ந்து கேட்டார்கள், அவ்வளவே. யார் எங்கே உட்காரலாம், கோயிலில் எதுவரை போகலாம் என்பதைப் பல ஊர்களில் சாதி தீர்மானித்தது. ஊர் கூடிக் கேட்டது என்று எழுதும்போது, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சேரியின் பிள்ளைகள் தொலைவில் நின்று கேட்டதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

சென்னைக்குத் தெற்கே இருந்த ஊர்களில் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது சினிமாவும் தொலைக்காட்சியும்தான் என்று சொல்வது வழக்கம். அது முழு விளக்கம் ஆகாது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இயங்கியது. 1980-களின் இறுதியில் அது மூடப்பட்டு, அந்த நிலத்தில் பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்தது. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞனால் மாதக்கணக்கில் இரவு ஒத்திகைக்கு வர இயலாது. பதினெட்டு இரவு விழித்திருக்க, அறுவடைக்குப் பிந்தைய ஓய்வு வேண்டும். ஆலைக்கு அறுவடைக் காலம் கிடையாது. அதைவிட முக்கியம் நிலம். படுகளத்துக்கும் மாடுபிடிச் சண்டைக்கும் தீக்குழிக்கும் திறந்த வெளி வேண்டும். வயல்கள் மனைகளாகி, வெளியூர்களிலிருந்து குடியேறியவர்கள் பெருகியபோது, கதை நடப்பதற்கு இடமும் இல்லை, கதையை முன்பே அறிந்த கூட்டமும் இல்லை. பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை, 2021 நவம்பரில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியில் பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளோடும் ஐந்து நகராட்சிகளோடும் சேர்ந்தது. நெல் வயலிலிருந்து மாநகராட்சி வார்டு வரையிலான இந்தப் பயணம் ஏறத்தாழ ஒரு மனித ஆயுளுக்குள் முடிந்துவிட்டது. விழா பல இடங்களில் தீமிதி அளவுக்குச் சுருங்கி நிற்கிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் கருமாதிக்கு முந்திய இரவில் கர்ண மோட்சம் ஆடும் வழக்கம் இதற்குத் தப்பியது. துக்க வீட்டு வாசலில் ஒரே இரவில் முடிவதால் அதற்குப் பெரிய வெளி தேவைப்படவில்லை.

பெருநகரத்தின் படித்த இளைஞர்கள் கூத்தை நோக்கித் திரும்பியது 1970-களில். எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அதன் நாடக வலிமையை உணர்ந்து எழுதினார். 1977-இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையில் நடிப்புப் பயின்ற இளைஞர்களுக்குப் புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்கும் வாய்ப்பும் வந்தது. கிராமத்துக்கு வாத்தியார் வந்த வழக்கம் போய், நகரத்துப் பிள்ளைகள் வாத்தியாரைத் தேடிப் போன காலம் அது. 1984-இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக்குழு போன்றவை வீதி நாடகத்தைப் பரப்பின. 1990-களின் அறிவொளி இயக்கத்தில் கலைப்பயணக் குழுக்களாக ஊர் ஊராகச் சென்ற தொண்டர்களில் பெரும்பாலோர் இளைஞர்களே. பாட்டும் கதையும் சிறு நாடகமும் கொண்டு எழுத்தறிவைப் பற்றிப் பேசிய அவர்கள், கட்டியக்காரனின் கேள்வி கேட்கும் உத்தியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

கூத்துக் கலைஞர்களே தம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசித்து எடுத்த முயற்சி எல்லாவற்றிலும் தனித்து நிற்கிறது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் சிறு வயதில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். இரவு முழுக்க ஆடிவிட்டுப் பகலில் பள்ளிக்குப் போக முடியாது. ஆகவே கூத்துக்கு வரும் பையன் படிப்பை இழப்பான், படிக்கப் போகும் பையன் கூத்தை இழப்பான் என்ற நிலையை அவர் சொந்த வாழ்வில் அறிந்தவர். 1990-இல் கலைஞர்கள் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தபோது அதில் முன்நின்றவர் அவர். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அவருடைய துணைவியார் ஹன்னே டி பிரெய்னும் அவரும் 2002-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்துப் படித்தார்கள். பையன்களுக்குச் சமமாகப் பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டமும் பாட்டும் மத்தளமும் சொல்லித்தரப்பட்டன. நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே கட்டிய கட்டை வேடத்தைப் பதின்வயதுப் பெண்கள் கட்டி, விடியும்வரை ஆடினார்கள். கிராமத்துப் பார்வையாளர்கள் அதை ஏற்க நாளெடுத்தது. பெண் வயதுக்கு வந்ததும் வீட்டார் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதும் நடந்தது. இத்தனையும் தாண்டிச் சில பெண்கள் தொழில்முறைக் கலைஞர்களானார்கள். கூத்து வரலாற்றில் இதற்கு இணையான மாற்றம் வேறில்லை.

2020-இல் குருகுலம் மூடப்பட்டது. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கதை வழியே கற்பிப்பது வேறு வடிவங்களில் தொடர்ந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் அடைபட்டிருந்த நீண்ட காலத்துக்குப் பிறகு, தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்களுக்கு அதை எடுத்துச் சொல்லக் கலைக்குழுக்கள் அனுப்பப்பட்டன. மாலை நேர மையங்களில் தன்னார்வலர்கள் கதையும் பாட்டும் விளையாட்டுமாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கூத்தைச் சுருக்க வடிவில் காண்கிறார்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஊர்களில் ஜமாக்கள் இன்றும் பாரத விழாக்களுக்கு முழு இரவுக் கூத்து ஆடுகின்றன. குருகுலத்தில் பயின்றவர்கள் சிலர் அந்த ஜமாக்களில் வேடம் கட்டுகிறார்கள். சிலர் சொந்தக் குழு நடத்துகிறார்கள். பெண்களே நடத்தும் குழுவும் அவற்றில் உண்டு. அங்கே திரௌபதியின் விருத்தத்தைப் பெண் குரலே பாடுகிறது.